கட்டிங் வேஸ்ட்டும் மைதா பசையும்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் விளையாடக் காகிதம் காசு கொடுத்து வாங்குவதில்லை. நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். காலண்டர், டைரி, நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எது அச்சானாலும் ஓரம் வெட்ட என்னிடம்தான் வரும். வெட்டி விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போய்விடும். முதலாளியிடம் சொல்லிவிட்டு அதில் அவ்வப்போது ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவருவேன். மகள் மூன்றாம் வகுப்பு. மகன் யுகேஜி. பை வந்தால் திண்பண்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள்.

போன வாரம் சென்னையிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணே, லீவு விட்டதுலருந்து ரெண்டும் போனை கீழ வைக்க மாட்டேங்குதுக. வீட்டுலயே உக்காந்து செய்யுற மாதிரி ஏதாவது சொல்லேன்" என்றாள். ஏற்கெனவே பெட்டியாக ஒன்று ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள். ஐஸ் குச்சி, ஜிகினாத் தூள், ஃபோம் ஷீட், ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் கண்கள். அட்டையில் போட்டிருந்த ஆந்தையைப் போலவே ஒரு ஆந்தை செய்ததோடு பெட்டி காலி. பிள்ளைகள் மறுபடியும் போனை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஆந்தைதானே இருந்தது.

போனில் பாதி சொன்னேன். மீதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளிடம் காகிதத்தைக் கிழிக்கக் கொடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை மேலிருந்து கீழாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கோடு போட்டதுபோல நேராக வரும். அதையே இடமிருந்து வலமாகக் கிழிக்கச் சொன்னால் எங்கேயோ போகும், வளைந்து வளைந்து. ஆலையில் காகிதம் ஓடுகிற திசையிலேயே நார்கள் படுத்துக்கொள்வதுதான் காரணம். அச்சகத்தில் இதை கிரெயின் என்போம். ஆலையில் செய்த எந்தத் தாளுக்கும் கிரெயின் உண்டு. சின்னத் துண்டாக வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாலும் தெரிந்துவிடும். தானாகவே குழாய் மாதிரி சுருளும். அந்தக் குழாய் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதுதான் கிரெயின். மகனுக்கு இந்தச் சுருளுகிற வித்தை போதும், ஒரு மதியம் முழுக்க வாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கல்யாணப் பத்திரிகை, காய்கறிக் கடை பில், மிட்டாய் உறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்ப்பான். மிட்டாய் உறை சுருளவில்லை என்று ஒருநாள் புகார் வந்தது. அது பிளாஸ்டிக் என்று அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது.

இது தெரியாமல் அட்டை வீடு செய்ய உட்கார்ந்தால் மடிக்கிற இடத்தில் அட்டை வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கிரெயின் போகிற பக்கமாக மடித்தால் ஒழுங்காக மடியும். மடிப்பைத் தேய்க்க எவர்சில்வர் ஸ்பூனின் பின்பக்கம் போதும். வீடியோக்களில் இதை யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. அங்கே எல்லாமே முதல் தடவையே அழகாக மடிகிறது.

அடுத்தது பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பச்சைத் தண்ணீரிலேயே கட்டி இல்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். பைண்டிங் கடையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கிற பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. துத்தம் இல்லாத பசை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் நிற்கும், அப்புறம் புளித்த வாடை வரும், கொட்டிவிட்டு வேறு காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

பசை விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடாது. அம்மாதான் அதற்கு மேஸ்திரி. அம்மா சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியவள். அப்போதெல்லாம் ஏஜெண்டு வீட்டுக்கு வீடு சக்கையும் (பெட்டிக்கான மெல்லிய மரச்சீவல்) தாளும் கொடுத்துவிட்டுப் போவார். ஒட்டிக் காயவைத்துக் கொடுத்தால் குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவார்களாம். ஆலைகளில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பற்றி 1986-இல் சட்டம் வந்தது, 1996-இல் எங்கள் ஊர் தீப்பெட்டி ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே அம்மாவின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது.

பேரன் பேத்தி தரையில் தாளைப் பரப்பி ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பசை தடவிக்கொண்டிருந்ததை முதலில் அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க ஒட்டுனா கூலி. இதுக ஒட்டுனா குப்பை" என்றாள். அப்புறம் பொறுக்க முடியாமல் இறங்கி வந்து உட்கார்ந்தாள். பத்துப் பதினைந்து துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள். ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை ஓரம் மட்டும் தெரிகிறாற்போல் அடுக்கு படிப்படியாக விரிந்தது. அந்த ஓரங்கள் எல்லாவற்றின் மேலும் விரலில் பசை தொட்டு ஒரே இழுப்பு. அவ்வளவுதான், பதினைந்து துண்டுக்கும் பசை தடவியாயிற்று. அதுவும் எங்கேயும் வழியாமல், தேவையான இடத்தில் மட்டும். மகள் வாயைப் பிளந்தாள். "அப்பத்தா, இன்னொரு வாட்டி!" அம்மா அதைத் திரும்பச் செய்து காட்டியபோது வேகத்தைக் குறைக்க அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கைக்கு மெதுவாகச் செய்யத் தெரியவில்லை.

இப்போது அம்மா எங்கள் கூட்டத்தில் நிரந்தர உறுப்பினர். காலித் தீப்பெட்டியில் செய்யும் இழுப்பறை அலமாரி அவள் யோசனைதான். பெட்டிகளைப் பக்கத்துக்கு இரண்டாக மூன்று வரிசை அடுக்கி ஒட்டி, சுற்றிலும் ஒரு தாள் சுற்றிவிட வேண்டும். ஒவ்வொரு உள்பெட்டியிலும் ஊசி நூலால் ஒரு சட்டைப் பொத்தானைத் தைத்தால் கைப்பிடி. தோடு, ஹேர்பின், பல் விழுந்தால் பல், எல்லாம் அதற்குள் போகும். குச்சி உரசுகிற பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்தப் பட்டைகளைத் தாள் ஒட்டி மூடிவிடுவது நல்லது. குச்சிகளைப் பெரியவர்கள் வேறு டப்பாவுக்கு மாற்றி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள், காலிப் பெட்டி மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகட்டும்.

அம்மாவோடு ஒரே ஒரு சண்டை உண்டு. அச்சகத்தில் கலர் சரியாக வரும்வரை போகிற தாள்களை மேக்ரெடி ஷீட் என்போம். ஒரே தாளை நாலைந்து வேலைகளுக்குத் திரும்பத் திரும்ப மிஷினில் விடுவதால், முருகன் காலண்டர்மேல் மத்தாப்புப் பெட்டி லேபிள், அதன்மேல் ஸ்வீட் ஸ்டால் விளம்பரம் என்று ஏறியிருக்கும். பிள்ளைகளுக்கு அந்தத் தாள் என்றால் உயிர். எந்தக் கடையிலும் கிடைக்காத டிசைன். ஆனால் சாமி முகத்தில் கத்தரிக்கோல் வைக்க அம்மா விடமாட்டாள். மத்தாப்புக்கு அடியில் வேல் முனை தெரிந்தால்கூடப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். இப்போது பை வந்ததும் முதல் வேலை சாமித் தாள்களைப் பிரித்தெடுப்பது. மகன் லென்ஸ் வைத்துத் தேடுவான். தேடும்போதுதான் ஒரு விஷயம் கண்டுபிடித்தான். லென்ஸுக்குள் முருகன் இல்லை, புள்ளிதான் இருக்கிறது. நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு, இந்த நாலு புள்ளிகள். பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் மயில் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று கேட்டான். மஞ்சள் பென்சிலால் தீற்றி அதன்மேல் நீலத்தால் தீற்றிக் காட்டினேன். அன்றைக்கு மீதி எல்லாப் பென்சிலும் டப்பாவிலேயே கிடந்தன.

எங்கள் வீட்டில் எப்போதும் ஓடுகிற விளையாட்டு, ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், பின் அடிக்க வேண்டாம். ஏ4 தாளைப் படுக்கைவசமாக வைத்து, நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரிக்க வேண்டும். பிறகு குறுக்கே பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி குறுக்கே ஒரே ஒரு மடிப்பு மட்டும் மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே ஒரு கட்டத்து அகலம் மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் மட்டும் ஒரு கீறல் இருக்கும், ஓரங்கள் முழுதாக இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு கையாலும் இரண்டு முனையைப் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து மூடினால் புத்தகம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

செய்து முடித்ததும் பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போடச் சொல்லுங்கள். அப்புறம் பழையபடி தாளாக விரிக்கச் சொல்லுங்கள். எண்கள் கலைந்து கிடக்கும், பாதி தலைகீழாக நிற்கும். என் மகள் இதைப் பார்த்துத் தான் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே வந்தது. அச்சகத்தில் புத்தகம் போவதும் இப்படித்தான் என்று நான் ஒரு பாரத்தை, அதாவது பல பக்கங்கள் சேர்ந்து அச்சான மடிக்காத பெரிய தாளை, கொண்டுவந்து காட்டினேன். பதினாறு பக்கப் பாரத்தில் தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16, மறுமுகத்தில் மீதி. மடித்தால் வரிசையாகிவிடும். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூட நோட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து, இந்தத் தாளின் மறுபாதி எங்கே வருகிறது என்று தேட ஆரம்பித்தாள். ஒரு தாளைக் கிழித்தால் இன்னொன்று ஏன் கழன்று வருகிறது என்ற வெகுநாள் மர்மமும் தீர்ந்தது.

அந்தக் குட்டிப் புத்தகங்களில் என்ன எழுதுவது என்று நான் சொல்வதே இல்லை. வீட்டில் இப்போது இருப்பவை: 'பல்லி', 'பல்லி பாகம் இரண்டு', 'அப்பத்தா திட்டுபவை', அப்புறம் மகன் எழுதிய வெற்றுப் புத்தகம் ஒன்று. உள்ளே ஒன்றும் இல்லை. அட்டையில் விலை மட்டும் போட்டிருக்கிறான், ஐந்நூறு ரூபாய்.

தராசு செய்ததும் தாளை வைத்துத்தான். துணி மாட்டுகிற ஹேங்கரின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிச் சிரட்டைகளைத் தொங்கவிட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டினால் தராசு. எடைக்கல்லுக்கு எங்கே போவது? ஏ0 தாள் என்பது கணக்குக்கு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதி பாதியாக நான்கு தடவை வெட்டினால் ஏ4, ஆக ஒரு சதுர மீட்டருக்குப் பதினாறு ஏ4. 80 ஜிஎஸ்எம் என்று கட்டின்மேல் போட்டிருந்தால் சதுர மீட்டருக்கு 80 கிராம். பதினாறால் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்துச் சின்னதாக மடித்து நூல் கட்டிக்கொண்டால் எடைக்கல் தயார். சிலர் வீட்டில் 70, 75 ஜிஎஸ்எம் கட்டு இருக்கும். அதற்குக் கணக்கு கொஞ்சம் மாறும். இரண்டு பேரும் கடை வைத்து அம்மாவுக்குச் சீரகம் விற்றார்கள். அவள் எடை குறைகிறது என்று சண்டை போட்டாள். நிஜமாகவே குறைந்தது. ஒரு சிரட்டை பெரியது.

கப்பல், ராக்கெட், காற்றாடி எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் மழை ஐப்பசியில்தான் தலைகாட்டும், மற்ற நாளில் கப்பல் அண்டாத் தண்ணீரில்தான் போகும். காற்றாடிக்குக் குண்டூசியை விடக் கருவேல முள் நன்றாகச் சுற்றும், வழுவழுப்பு ஜாஸ்தி. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முனையை மட்டும் மழுக்கிவிடுங்கள்.

கோடைக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது, காகிதக் கூழில் கூடை செய்வது. இதை எங்கள் தெருவில் அப்பத்தா வயதுக்காரர்கள் எல்லோரும் செய்திருக்கிறார்கள். செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து அரைக்க வேண்டும். முன்பு ஆட்டுரலில், இப்போது பழைய மிக்ஸி ஜாரில். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். கவிழ்த்த பானைமேல் பழந்துணியைச் சுற்றி, அதன்மேல் கூழை ஒரே கனமாக அப்பி வெயிலில் வைத்துவிட வேண்டும். சிவகாசி வெயில் எதற்கு உதவுகிறதோ இல்லையோ, இதற்கு உதவும். அச்சுக்கும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் இந்தக் காய்ச்சல் வெயில்தானே தோது. இரண்டு மூன்று நாளில் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். அப்போது பானையிலிருந்து கழற்றி ஓரத்தைத் தாள் ஒட்டி முடிக்கலாம். அந்தக் காலத்தில் இதில் தானியம்கூடப் போட்டு வைப்பார்கள். செய்தித்தாள் மை இருப்பதால் நாங்கள் தின்பதை வைப்பதில்லை. கலர் பென்சில், பம்பரம், சாவி வைக்கிறோம். பளபளப்பான ஆர்ட் பேப்பரைக் கூழுக்குப் போடாதீர்கள். அதன்மேல் பூசியிருக்கிற மண் கரைந்து வந்து கூடை காய்ந்ததும் உதிரும்.

கூழ் மிஞ்சினால் தலையாட்டி பொம்மை. முட்டையின் கூர்ப்பக்கம் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டைக் கழுவிக் காயவைக்க வேண்டும். களிமண் உருண்டை ஒன்றை உள்ளே போட்டு அகன்ற அடியில் அழுத்தி ஒட்டிவிட்டால் போதும். எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையிலும் இதே சங்கதிதான், அடியில் கனம், மேலே லேசு. மேல் ஓட்டையை மறைக்கக் கூழில் ஒரு தொப்பியோ கொண்டையோ வைக்கலாம். கொண்டை பெரிதாகிவிட்டால் பொம்மை விழுந்து கிடக்கும், எழாது. எவ்வளவு பெரிய கொண்டைவரை தாங்கும் என்று பார்ப்பதில்தான் என் மகளுக்கு ஆர்வம். நாலைந்து முட்டை அதற்கே போயிற்று.

ஒன்று மட்டும் தங்கையிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்காதே. பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் என்று ஒன்று கொடுக்கிறார்கள், மழைநீர் சேகரிப்பு மாதிரி, எரிமலை மாதிரி. தெர்மாகோலை வெட்டுவது அப்பா, பெயிண்ட் அடிப்பது அம்மா, கொண்டுபோய் நீட்டுவது பிள்ளை. எங்கள் மகள் தானே செய்த கோணல் வீட்டைக் கொண்டுபோனாள், வரிசையில் கடைசியில் வைத்தார்களாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவளுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பக்கத்து வீடுகள் எல்லாம் தெர்மாகோல், தண்ணீர் ஊற்றினால் மிதந்துவிடும் என்று சொன்னாள்.

உங்கள் ஊரிலும் பக்கத்தில் ஏதாவது அச்சகமோ பைண்டிங் கடையோ இருக்கும். வாசலில் நின்று கட்டிங் வேஸ்ட் கொஞ்சம் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளைகளுக்கு என்று சொன்னால் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர் வேலை சூடுபிடித்துவிட்டால் பேச நேரம் இருக்காது. அதற்கு முன்னால் போவது நல்லது. மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சு இல்லாத அச்சுத் தாள்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அது பசையும் பிடிக்கும், பென்சிலும் எழுதும். கனமான பத்திரிகை அட்டை ஓரங்கள் கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக வெட்டின தாளின் ஓரம் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும், முதல் நாள் நீங்களே பிரித்துக் கொடுங்கள். சாமி படம் வந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் வீட்டு அப்பத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.